கழுத்தளவு மரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஜுமாதில் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிப் போனதும், அவர் மனைவி அனார்குல் தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வேலி ஓரமாக யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தாள். யாரும் இல்லை. ஓக் மரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, முழங்கால் உயரத்தில் தண்டைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள். முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர். போன வசந்தத்தில் முப்பத்து மூன்று. அரை சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது என்று நிம்மதியாக எழுந்தவள், நிமிர்ந்து உச்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஜூன் மாதம் இன்னும் பாதிகூட ஆகவில்லை, உச்சிக் கிளையின் இலைகள் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

மரம் வளராமல் இருந்தால் சந்தோஷப்படுகிறவளை, இலை மஞ்சளானதைப் பார்த்துக் கலங்குகிறவளை என்னவென்று சொல்வது. பைத்தியம் என்று சொல்ல முடியாது. பிஷ்கெக்கில் ஒரு தையல் கூடத்தில் இருபது வருஷமாகக் காலர் தைக்கிறாள், ஒரு தையல் கோணலாகப் போனதில்லை. கணக்கும் தெரியும், உலகமும் தெரியும். ஆனால் இந்த ஒரு மரத்தின் விஷயத்தில் பன்னிரண்டு வருஷமாக அவள் கயிற்றின் மேல் நடந்துகொண்டிருந்தாள். மரம் வளரவும் கூடாது, சாகவும் கூடாது.

எல்லாம் பக்கத்து வீட்டு பாத்மா ஆரம்பித்து வைத்தது.

அப்போது அவர்கள் நகரத்தின் வடக்குப் புறத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஜுமாதில் ஓட்டிய பஸ் ஓக் பூங்காவை ஒட்டிப் போகும். இலையுதிர் காலத்தில் அங்கே கீழே கிடக்கும் கொட்டைகளை மனிதர் சட்டைப்பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வசந்தத்தில் முற்றத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு ஓக் கன்று முளைத்தது. அதைப் பார்த்து அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரே மகள் பிறந்தபோதுகூட இவ்வளவு பேருக்குச் சொல்லவில்லை என்று அனார்குல் கேலி செய்தாள். தெருவில் எல்லாரும் ஆப்பிளும் ஆப்ரிகாட்டும் திராட்சையும் வைத்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் ஓக், நானே நட்டது என்று டிப்போவில் இருந்த காவல்காரன்வரை சொல்லியாயிற்று.

கன்று முழங்கால் உயரம் வந்தபோது பாத்மா டீ குடிக்க வந்தாள். அவள் தெருவில் மூத்தவள். யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் செத்தாலும் முதல் ஆளாக நிற்பாள். எதற்கு என்ன முறை, எது ஆகும், எது ஆகாது என்று எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருக்கும்.

"இது என்ன கன்னு?" என்றாள், பொர்சோக் என்கிற பொரித்த மாவுத்துண்டைப் பாலாடையில் தோய்த்தபடி.

"ஓக்கு அக்கா. அவர் நட்டது."

"கையால நட்டாரா?"

"பின்ன காலாலயா நடுவாங்க?"

பாத்மா பொர்சோக்கைக் கீழே வைத்தாள். சாப்பாட்டைக் கீழே வைக்கிற ஆள் இல்லை அவள்.

"வாதுமைக் கொட்டை மரத்தை வீட்டு மனுஷன் நடக்கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா? எங்க மாமனார் அவர் வாசல்ல அவரே நட்டார். மரம் அவர் கழுத்துத் தடிமன் வந்த வருஷம் போய்ச் சேந்தார். முழங்கால் உயரத்துல அளந்து பாத்தோம், மயிரிழை பிசகலை."

"அது வாதுமை அக்கா. இது ஓக்கு."

"இதுல கொட்டை காய்க்குமா காய்க்காதா?"

"காய்க்கும்."

"பெரிய மரமா ஆகுமா ஆகாதா?"

"ஆகும்."

"அப்புறம் என்ன கேள்வி? பேருதானே வேற."

பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று அனார்குல் கேட்டாள். பாத்மா உதட்டைப் பிதுக்கினாள். நட்டவன் உயிரோடு இருக்கும்போது மரம் பட்டுப்போனால் அது இன்னும் மோசம், மரம் போன பின்னாலேயே ஆளும் போவான் என்றாள். சொல்லிவிட்டு மறுபடி பொர்சோக்கை எடுத்துத் தின்றாள். அவளுக்கென்ன, சொன்னதோடு வேலை முடிந்தது.

அன்று இரவே கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சிரிப்பார். அவர் சிரிப்பது அவளுக்குத் தெரியும். பேய், கண்ணேறு, கெட்ட நாள் எதைச் சொன்னாலும் மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். சிரித்துவிட்டு மரத்துக்கு இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அதனால் சொல்லவில்லை. அடுத்த நாள் அவருக்குச் சட்டை தைக்கிற சாக்கில் கழுத்தை அளந்தாள். நாற்பது. கன்றின் தண்டு அவள் சுண்டுவிரல்கூட இல்லை. நிறைய இடைவெளி இருக்கிறது, அதைக் காப்பாற்றினால் போதும் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

முதலில் தண்ணீரில் கை வைத்தாள். அந்தத் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முறைத் தண்ணீர் வரும். தெரு வாய்க்காலிலிருந்து வீட்டுக்குள் வருகிற கால்வாய் முற்றத்தின் நடுவில் இரண்டாகப் பிரியும். ஒன்று தக்காளிப் பாத்திக்கு, ஒன்று ஓக்குக்கு. ஜுமாதில் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இருப்பார். மடை திறப்பது அனார்குல்தான். ஓக்குப் பக்கத்து மடையில் தகரத்தை இறக்கி, மேலே ரெண்டு மண்கட்டியை வைத்துவிடுவாள். மரம் வாடித் துவண்டால் மட்டும் கால் மணி நேரம் திறந்துவிடுவாள். வாடலுக்கும் சாவுக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் அந்த நகரத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது மண். அங்கெல்லாம் குளிர் வருவதற்கு முன் திராட்சைக் கொடியைப் பந்தலிலிருந்து இறக்கிக் குழியில் படுக்கவைத்து மண்ணால் மூடுவார்கள், வசந்தத்தில் தோண்டி எடுப்பார்கள். திராட்சையை மூடும்போது அவள் ஓக்கின் அடியிலும் மண்ணை அணைத்தாள். ஜுமாதில் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். குளிரிலிருந்து தன் மரத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து அவரும் நாலு மண்வெட்டி மண் அள்ளிப் போட்டார். வசந்தத்தில் திராட்சையை எடுத்தார்கள், ஓக்கின் மண்ணை யாரும் எடுக்கவில்லை. வருஷா வருஷம் மேடு ஏறிக்கொண்டே போனது. ஓக் என்ன திராட்சைக் கொடியா, மண்ணுக்குள் படுத்துத் தூங்க? அதன் அடித்தண்டுக்குக் காற்று வேண்டும். அது அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது, ஆனால் மண் அணைத்த வருஷங்களில் மரம் மந்தமாக இருந்ததை நாடா சொன்னது. அவள் தொடர்ந்தாள்.

இன்னொரு பக்கம் கழுத்து. ஐம்பது வயதைத் தாண்டியதும் ஜுமாதில் மெலிய ஆரம்பித்தார். நாற்பது முப்பத்தொன்பது ஆனது, பிறகு முப்பத்தெட்டு. மரம் ஏற, கழுத்து இறங்க, இப்படியே போனால் இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அவள் பயந்துபோனாள். குதிரைக் கொழுப்பு அடைத்த கசி என்ற தொத்திறைச்சி, ஆட்டுவால் கொழுப்பில் வதக்கிய கறி, காலையில் பாலாடை என்று மனிதரைப் போட்டுத் திணித்தாள். டிப்போ டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். அனார்குல் அந்த டாக்டரை ஜென்ம விரோதியாகப் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மழை கொட்டிய ஒரு வசந்தம் வந்தது. வானத்துக்குத் தகரம் வைத்து அடைக்க முடியுமா? அந்த ஒரு வருஷத்தில் மரம் நாலு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. அன்றுதான் அவள் துணிந்தாள். தையல் கூடத்தில் துணிப்பொதி கட்டி வரும் நைலான் கயிறு, நீலக்கோடு போட்டது, ஒரு முழம் கொண்டுவந்தாள். மண்மேட்டைக் கொஞ்சம் விலக்கி, தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மறுபடி மண்ணை மூடினாள். மன்னித்துக்கொள் என்று மரத்திடம் சொன்னாளா, கணவரிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் கயிறுதான் இப்போது உச்சியில் மஞ்சளாகத் தொங்குகிறது என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வளர்ச்சியைப் பிடிக்கப் போய் உயிரையே பிடித்துவிட்டாள். அவிழ்க்கலாம் என்று அன்றே மண்ணைக் கிளறினாள். முடிச்சு பட்டைக்குள் புதைந்துபோயிருந்தது, கத்திரிக்கோல் நுனிகூட நுழையவில்லை. மரம் போனால் ஆளும் போவான் என்ற பாத்மாவின் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமைக்குள் ஜுமாதிலும் பார்த்துவிட்டார். வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

"டிப்போ மெக்கானிக் வீட்லயும் ஓக்கு இருக்கு," என்றார். "நம்மதைவிட ஒரு வருஷம் சின்னது. ரெண்டு கையாலயும் வளைச்சுப் பிடிச்சா விரல் எட்ட மாட்டேங்குது. நம்மது பாரு, ஒட்டடைக் கம்பு மாதிரி நிக்குது. நான் என்ன பாவம் பண்ணேன்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க. மண்ணு அப்படி."

"அதே மண்ணுதானே அங்கயும்." அவர் ஒரு இலையைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நகராட்சி நாற்றுப்பண்ணையில ரைசா பாவ்லொவ்னான்னு ஒரு அம்மா இருக்காங்க. மரத்துக்கு டாக்டர் மாதிரி. என் பஸ்லதான் வருவாங்க. சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த அம்மாள் தோண்டினால் கயிறு வெளியே வரும். தோண்டாவிட்டால் மரம் போகும். மரம் போனால்... "கூட்டிட்டு வாங்க, சமோசா பண்றேன்" என்றாள்.

ரைசா பாவ்லொவ்னா அறுபது வயது ரஷ்யப் பெண்மணி. குட்டை உருவம், பெரிய கைகள். வந்ததும் இலையைப் பார்க்கவில்லை, நேராக அடிமரத்துக்குப் போனாள்.

"ஓக்கு மண்ணுலேருந்து வெளிய வர்ற இடத்துல பாதம் மாதிரி விரியணும்," என்றாள். "இது கம்பம் நட்ட மாதிரி நேரா உள்ள போகுது. எவ்வளவு மண்ணைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

"குளிருக்குங்க," என்றார் ஜுமாதில் பெருமையாக. "வருஷா வருஷம் என் பொண்டாட்டி அணைச்சு விடுவா."

"திராட்சைன்னு நினைச்சீங்களா? இது சைபீரியாவுக்குப் பக்கத்துலயே நிக்கிற மரம். அதுக்கு என்னத்துக்குப் போர்வை?" அவள் சின்னக் கொத்தை எடுத்து மண்ணை விலக்க ஆரம்பித்தாள். "இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே மாதிரி. எதைப் பாத்தாலும் புதைக்கணும், மிச்சத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்."

ஒரு சாண் போனதும் கொத்தை வைத்துவிட்டு விரல்களால் துழாவினாள். அனார்குல் சமோசாத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். தட்டைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கயிறு," என்றாள் ரைசா.

ஜுமாதில் குனிந்து பார்த்தார். பட்டை இரண்டு பக்கமும் உதடு மாதிரி வீங்கி, நடுவில் நைலான் கயிறு கடித்துக்கொண்டிருந்தது. மண்ணைத் துடைத்தபோது நீலக்கோடு தெரிந்தது. அந்த வீட்டில் தக்காளிக் கம்பு கட்டுவது, துணி காயப்போடுவது, பெட்டி கட்டுவது எல்லாம் அந்த நீலக்கோட்டுக் கயிற்றில்தான்.

"நாத்து வாங்கும்போது கட்டியிருந்ததா?" என்று கேட்டாள் ரைசா.

"இல்ல. கொட்டையிலேருந்து முளைச்சது," என்றார் ஜுமாதில் மெதுவாக.

ரைசா கணவரைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள், பிறகு யாரையும் பார்க்கவில்லை. வளைந்த கத்தியை எடுத்துக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பிடுங்கினாள். முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் தண்டு உள்வாங்கி இருந்ததால் கயிறு அங்கே பட்டையில் பதியவில்லை, நாலு விரல் அகலத்துக்குப் பட்டை முழுசாக இருந்தது. அதன் வழியாகத்தான் மரம் இத்தனை நாள் குடித்திருக்கிறது.

"பிழைச்சுக்கும்," என்றாள். "அடியில ஒரு பிடி மண்ணு போடக்கூடாது. சுண்ணாம்பு கூடாது. புல்லு கிட்ட வரக்கூடாது. உதிர்ற இலையைக் கூட்டித் தள்ளாம அதைச் சுத்தியே பரப்பி விடுங்க. தண்ணிய அடிமரத்துல கொட்டாம, கிளை நுனி எட்டுற வட்டத்துல நிதானமா நிறுத்துங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆழமா. பட்ட கிளையைக் குளிர்காலத்துல வெட்டிக்கலாம். அவ்வளவுதான். காயம் ஆற ரெண்டு கோடை ஆகும், அப்புறம் பாருங்க, இத்தனை வருஷப் பாக்கியும் சேத்து வருஷத்துக்கு மூணு நாலு சென்டிமீட்டர் ஏறும்."

சமோசா சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாமை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜுமாதில் கத்தவில்லை. கத்தியிருந்தால் அனார்குல் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் கயிற்றுத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"எம்மேல என்ன கோபம்னு மட்டும் சொல்லு," என்றார். "முப்பத்து மூணு வருஷம் கூட இருந்தாச்சு. அடிச்சதில்ல, குடிச்சதில்ல. எனக்குன்னு இந்த வீட்ல இருந்தது இந்த ஒரு மரம்."

அதைக் கேட்டதும் அவள் உடைந்துபோனாள். பாத்மா சொன்னது, தகரம், மண், கசி, நாடா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழுகையில் பாதி வார்த்தை விழுங்கிப்போனது.

ஜுமாதில் முதலில் புரியாமல் முழித்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரித்தார். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அப்ப அந்தக் கசி?"

"கழுத்துக்கு."

"பாலாடை?"

"அதுவும் கழுத்துக்குத்தான்."

"மரம் கழுத்தை எட்டறதுக்கு முன்னால அந்தக் கொழுப்பே என்னை அனுப்பியிருக்குமே, பாவி மனுஷி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரு பெண் தனக்காகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்பது சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவளை எப்படியாவது சமாதானப்படுத்தவேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான், யோசித்துப் பேசியிருக்கலாம்.

"நீ பயந்ததே வீணு," என்றார். "அந்த மரத்தை நான் நடவே இல்ல."

"என்னது?"

"கொட்டையை ஈர மணல்ல போட்டு டப்பாவுல வச்சு, குளிர்காலம் பூரா நிலவறையில வச்சிருந்தேன். நூரூஸ் பண்டிகைக்கு முன்னால வீடு சுத்தம் பண்றேன்னு நீ டப்பாவைக் கழுவி பொத்தான் போட்டு வச்சுட்டே. மணல் எங்கன்னு பாத்தா, வாய்க்கா ஓரமா கொட்டிக் கிடந்துச்சு. சண்டை எதுக்குன்னு நானே பொறுக்கி நாலு கொட்டையை வேலி ஓரம் நட்டேன். நாலையும் எலி தின்னுடுச்சு. நீ கொட்டின இடத்துல தப்பிச்சுக் கிடந்தது ஒண்ணு முளைச்சுது. நான் நட்டதுன்னு சொல்லிக்கிட்டேன். ஊர் பூரா பெருமை அடிச்சாச்சு, அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

அனார்குல் முகத்தைத் துடைத்தாள். மணலின் புளித்த வாடையும், டப்பாவைச் சுடுதண்ணீரில் கழுவியதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப நட்டது நானா?"

"நடறதாவது. கொட்டினே," என்றார் ஜுமாதில் லேசாக.

மறுநாள் காலை அவள் பாத்மா வீட்டுக்குப் போனாள். நடாமல் கையிலிருந்து கொட்டியது முளைத்தால் யார் கணக்கு என்று கேட்டாள். யார் கையிலிருந்து விழுந்ததோ அவர்கள் நட்ட மாதிரிதான், அதில் சந்தேகமே இல்லை என்று பாத்மா தீர்ப்பு சொன்னாள். யாருக்கு என்று கேட்டாள். தெரிந்தவர்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டு அனார்குல் எழுந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தை அளந்தாள். முப்பத்து நாலு. மரம் முப்பத்து மூன்றரை.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் கழுத்தை நினைத்து எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறாள், தன் கழுத்து என்றதும் மனது அசையவே இல்லை. பாத்மா சொன்னதை அவள் இன்னும் நம்பினாள், ஒரு துளி குறையாமல் நம்பினாள். ஆனாலும் தோளிலிருந்து மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. அவர் இருப்பார். அது போதும். மதியம் முற்றத்துக்குப் போய், ரைசா விட்டுப்போன இடத்திலிருந்து ஆரம்பித்து, அடிமரத்தைச் சுற்றியிருந்த மண் முழுவதையும் வாரி வெளியே கொட்டினாள். வேர்கள் பாதம் மாதிரி விரிந்து தெரிந்தன. இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவளுக்கு அந்த மரம் அழகாக இருப்பதாகத் தோன்றியது.

சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். "என் கழுத்து முப்பத்து நாலுங்க."

ஜுமாதில் கரண்டியை வைத்தார்.

"அரை சென்டிமீட்டர்தான் பாக்கி," என்றாள். "ரெண்டு கோடை இருக்கு, காயம் ஆற."

"மூடநம்பிக்கை," என்றார் அவர். கொஞ்சம் கழித்து மறுபடி, "மூடநம்பிக்கை" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தட்டில் கறி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை அவர் டிப்போவில் யாரிடமோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு முதுகு வலி என்றார். வலி இருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. காலையிலிருந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், அதைத் தொடவில்லை.

நாலு மணிக்குத் தெரு வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. அனார்குல் பாவாடையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு வந்தாள். மண்கட்டியைத் தள்ளி, ஓக்குப் பக்கத்துத் தகரத்தைத் தூக்கினாள். தண்ணீர் கால்வாயில் திரும்பி மூன்று அடி ஓடியிருக்கும். அங்கே ஜுமாதில் இறங்கி, இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு குறுக்கே நின்றார். குறுகலான கால்வாய், அவர் பூட்ஸ் இரண்டும் சேர்ந்ததும் அடைத்துக்கொண்டது.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நிக்கறேன்."

"தள்ளுங்க. மரத்துக்குத் தண்ணி போகணும். அந்த அம்மா சொன்னாங்கல்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆழமா."

"தக்காளிக்கு விடு."

"தக்காளிக்குப் போதும்."

தண்ணீர் அவர் பூட்ஸில் முட்டி மேலேறியது. அவர் கீழே பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"மூடநம்பிக்கைன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள்.

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"என் கழுத்துன்னா மூடநம்பிக்கை. உன் கழுத்தை வச்சு எனக்குச் சோதிச்சுப் பாக்க வேண்டாம். வெட்டிப் போட்டுடறேன்னு காலையில கோடாலியை எடுத்தேன். பட்டுப்போனாலும் ஆளு போகும்னு உன் பாத்மா சொல்லியிருக்காளாமே. திரும்ப வச்சுட்டேன்."

"எனக்குப் பயமா இல்லீங்க."

"எனக்கு இருக்கு," என்றார் ஜுமாதில்.

அனார்குல் மண்வெட்டிக் காம்பின் மேல் சாய்ந்து நின்றாள். அறுபது வயதைத் தொடப்போகிற மனிதர், எதற்கும் பயப்படாதவர், வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு நடுங்குகிறார். பன்னிரண்டு வருஷம் தான் பட்டதை ரெண்டே நாளில் இந்த மனிதர் படுகிறார் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சொல்ல வெட்கமாக இருக்கிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பூட்ஸுக்குள்ள தண்ணி போகுது," என்றாள்.

"போகட்டும்."

அவள் கால்வாய்க் கரையில் அவருக்கு இரண்டடி முன்னால் மண்வெட்டியைப் போட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு நாலு வெட்டு வெட்டினாள். தேங்கி நின்ற தண்ணீர் புதுவழியில் திரும்பி, அவரை விட்டுவிட்டு, கிளை நுனி எட்டுகிற வட்டத்தில் போய் நின்றது. ஜுமாதில் வற்றிப்போன கால்வாயிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.